செஞ்சாவுக்கு ஏற்ற கெண்டி எது?

கோவையில் இருக்கும் தங்கை போன மாதம் தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, டிசம்பர்ல வர்றப்ப எனக்கொரு ஜப்பான் டீ பாட் வாங்கிட்டு வர்றியா? நீ கொடுத்த டீயை நம்ம வடிகட்டியில வடிச்சா டம்ளர் அடியில சேறாட்டம் நிக்குது." எந்த மாதிரி வேண்டும் என்றேன். "எதுன்னாலும் சரிக்கா, பார்க்க அழகா இருந்தாப் போதும்."

நகோயாவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். என் அலமாரியில் ஐந்து கெண்டிகள் இருக்கின்றன. தினமும் கைக்கு வருபவை இரண்டு. மற்ற மூன்றும் அழகைப் பார்த்து வாங்கியவை. தங்கைக்கு அந்த மூன்றில் ஒன்றைப் போன்றது போய்ச் சேரக் கூடாது என்பதற்காக ஒருமுறை உட்கார்ந்து யோசித்தேன். அந்த யோசனையே இந்தக் கட்டுரை.

ஜப்பானில் பச்சைத் தேயிலை ஊறவைக்கும் பாத்திரத்துக்குக் கியூசு என்று பெயர். மூக்கு வைத்த பாத்திரத்துக்குத் தமிழில் கெண்டி என்ற நல்ல சொல் இருக்கிறது, அதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். கடைக்குள் போனால் சிவப்பு, கறுப்பு, ஊதா, வெள்ளை என்று அடுக்கடுக்காக நிற்கும். மண்ணா, பீங்கானா, இரும்பா? பிடி பக்கவாட்டிலா, பின்னாலா? எத்தனை மில்லி? இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குள் எந்த இலையைப் போடப் போகிறீர்கள்?

பறித்த இலையை உடனே நீராவியில் அவித்து, உருட்டி, உலர்த்தினால் செஞ்சா. 1738இல் கியோட்டோவுக்குத் தெற்கே உஜிதவாராவில் நகதானி சோஎன் என்ற விவசாயி செம்மைப்படுத்திய முறை இது. ஆவியில் அரை நிமிடம்போல வைத்தால் இலை ஊசி ஊசியாக, உடையாமல் நிற்கும். அதை அசாமுஷி என்பார்கள். இரண்டு மூன்று மடங்கு நேரம் அவித்தால் இலை தளர்ந்துபோய், உருட்டும்போது நொறுங்கும். அது ஃபுகாமுஷி. ஷிசுவோகா மாநிலத்தின் மகினோஹாரா, ககேகவா பக்கத்துத் தேயிலை இந்த வகைக்குப் பேர்பெற்றது. தங்கைக்கு நான் கொடுத்ததும் அதுதான். அவள் சேறு என்று சொன்னது இலையின் நுண்பொடி. கொஞ்சம் கலங்கலான அந்த அடர்பச்சைதான் ஃபுகாமுஷியின் குணம். ஓரளவு பொடி கோப்பையில் இறங்கினால் ருசி, மொத்தமாக இறங்கினால் கசப்பு. அந்த அளவைப் பிடித்து நிறுத்துவது கெண்டியின் வேலை.

இன்னும் இரண்டு வகைகளையும் சொல்லிவிடுகிறேன். பறிப்பதற்கு மூன்று வாரம்போல முன்பிருந்தே வெயில் படாமல் மூடி வளர்த்த இலை கியோகுரோ. தேயிலையை வறுத்தால் ஹோஜிச்சா. இவற்றைப் போடும் தண்ணீரின் சூடு ஒன்றுக்கொன்று வெகுதூரம். தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான கேட்டகின் கொதிநீரில் வேகமாக இறங்கும். நாக்கில் நிற்கும் இனிமையைத் தருகிற தியானின், ஆறிய நீரிலும் இறங்கிவிடும். அதனால்தான் நல்ல செஞ்சாவுக்கு 70 முதல் 80 டிகிரி, கியோகுரோவுக்கு 50 முதல் 60 டிகிரி, ஹோஜிச்சாவுக்குக் கொதிக்கக் கொதிக்க என்று வைத்திருக்கிறார்கள். அடுப்பிலேயே பாலோடு கொதிக்கவிட்டுப் பழகிய நமக்கு இதுதான் முதலில் பிடிபடாது. கெண்டியில் எதுவும் கொதிப்பதில்லை. ஆறவைத்த தண்ணீர் உள்ளே போகிறது, ஒரு நிமிடத்தில் கடைசிச் சொட்டுவரை வெளியே வந்துவிடுகிறது. கெண்டியில் பார்க்க வேண்டியவை எல்லாம் இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

இலை தெரிந்துவிட்டால் அடுத்தது வடிகட்டி. கடைகளில் மக்கள் நிறத்தையும் வடிவத்தையும் அரைமணி நேரம் பார்க்கிறார்கள், மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பதில்லை. நான் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான்.

மூக்கு தொடங்கும் இடத்தில், மண்ணிலேயே துளையிட்டுச் செய்த வடிகட்டி ஒரு வகை. பழைய மாதிரிகளில் துளைகள் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கும். அசாமுஷிக்கும் கியோகுரோவுக்கும் அது தாராளமாகப் போதும், ஊசி இலை அதன் வழியே போகாது. ஃபுகாமுஷியைப் போட்டால் பொடி அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விழும். அது விழுந்து முடிவதற்குள் உள்ளே மிச்சமிருப்பது கசந்துவிடும். துளைகளை மிக நுண்மையாக, நூற்றுக்கணக்கில் போட்டு, அகலமாகச் செய்த மண் வடிகட்டியைச் சாசாமே என்கிறார்கள். ஃபுகாமுஷியையும் இது சமாளிக்கும், சாய்க்கும்போது குலுக்காமல் இருந்தால். குலுக்கினால் பொடி முழுக்க வடிகட்டிமேல் போய் ஒட்டும்.

துருப்பிடிக்காத எஃகு வலையில் நிறைய வகை உண்டு. உள்சுவரைச் சுற்றிப் பட்டையாக ஓடும் வலை ஃபுகாமுஷிக்கு மிகப் பொருத்தம். ஒரு பக்கம் அடைத்தாலும் இன்னொரு பக்கம் வழி இருக்கும். வலைக்கும் சுவருக்கும் நடுவே பொடி தங்குவதும், சில வருடங்களில் வலை நைந்துபோவதும் அதன் குறைகள். உலோக வாடை தெரிகிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்ததில்லை. கழற்றி எடுக்கும் கூடைபோன்ற வலையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கழுவுவது சுலபம், உண்மைதான். ஆனால் ஊறும் இலைக்கு விரிய இடம் வேண்டும். கூடைக்குள் அது நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். தண்ணீர் கொஞ்சமாக ஊற்றினால் கூடையின் அடிவரை ஏறாமல் இலை பாதி நனையாமலே இருப்பதும் உண்டு.

இனி மண்.

என் வீட்டிலிருந்து இரண்டு பக்கமும் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ரயிலில் போனால் இரண்டு கெண்டி ஊர்கள். தெற்கே ச்சிதா தீபகற்பத்தில் டொகொனாமே, மேற்கே மியே மாநிலத்தில் யொக்காயிச்சி. இசே விரிகுடாவின் இந்தக் கரையும் அந்தக் கரையும். ஒன்று சிவப்புக்கும் மற்றது ஊதாவுக்கும் பெயர்போனது.

டொகொனாமே ஜப்பானின் ஆறு பழைய சூளை ஊர்களில் ஒன்று. குயவர் வீதிகளில் நடந்தால் ஒரு சரிவுப் பாதையில் இரண்டு பக்கச் சுவரிலும் பழைய மண்குழாய்களையும் சாராய ஜாடிகளையும் பதித்து வைத்திருப்பார்கள். கழிவுநீர்க் குழாய் செய்து பிழைத்த ஊர் அது. 1887இல் கட்டி 1974வரை எரிந்த பெரிய படிச்சூளை, பத்துப் புகைபோக்கிகளோடு இன்றும் மேட்டில் நிற்கிறது. இரும்புச் சத்து நிறைந்த மண்ணை நன்றாக அரித்து, பூச்சு எதுவும் பூசாமல் சுட்டால் வரும் செம்மண் கெண்டியை, ஷுதேய் என்பதை, 1854இல் சுகியே ஜுமோன் என்ற குயவர் அங்கே செய்துகாட்டினார். 1878இல் சீனத்திலிருந்து ஜின் ஷிஹெங் வந்து தன் நாட்டு யிஷிங் ஊர்க் கெண்டிகளின் கைமுறையைக் கற்றுக்கொடுத்தார். 1998இல் மூன்றாம் யமடா ஜோசானைக் கெண்டிக் கலைக்காகவே ஜப்பான் அரசு 'வாழும் தேசியச் செல்வம்' ஆக்கியது. தேநீர்க் கெண்டி செய்கிற ஒருவருக்கு ஒரு நாடு அந்த இடத்தைக் கொடுத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

யொக்காயிச்சியின் பன்கோ மண்பாண்டம் 18ஆம் நூற்றாண்டில் நுனாமி ரோசான் என்ற வணிகர் தொடங்கியது. காலமெல்லாம் மாறாமல் நிலைக்கட்டும் என்ற பொருளில் தன் பாண்டங்களில் அவர் முத்திரை குத்தினார், அந்த முத்திரையே பெயராகிவிட்டது. அங்கேயும் இரும்புச் சத்துள்ள மண்தான். காற்றைக் குறைத்துச் சூளையில் சுடுவதால் சிவப்பாகாமல் பழுப்பும் ஊதாவுமாக இறுகுகிறது. பயன்படுத்தப் பயன்படுத்தக் கையின் தேய்ப்பில் மெல்ல மினுமினுப்பு ஏறும். இன்று ஜப்பானியர் குளிர்காலத்தில் மேசைமேல் கொதிக்கவைக்கும் மண்சட்டிகளில் பெரும்பகுதி இந்த ஊரில் செய்தவை.

சிவப்பா ஊதாவா? பூச்சில்லாத இந்த மண் செஞ்சாவின் துவர்ப்பை மட்டுப்படுத்துகிறது என்று இரண்டு ஊர்க்காரர்களும் சொல்கிறார்கள். ஒரே இலையை, ஒரே சூட்டில், சிவப்பு டொகொனாமேயிலும் வெள்ளைப் பீங்கானிலும் போட்டுக் குடித்துப் பார்த்திருக்கிறேன். மண்ணில் போட்டது சற்று மென்மையாக இருந்தது, பீங்கானில் வாசனை மேலே நின்றது. வித்தியாசம் மெலிதானது. தண்ணீரைப் பத்து டிகிரி கூடுதலாக ஊற்றினால் வரும் வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே டொகொனாமேக்கும் பன்கோவுக்கும் நடுவே ருசியை வைத்து அல்லாட வேண்டாம். கண்ணுக்கு எது பிடிக்கிறதோ அதை எடுக்கலாம். டொகொனாமேயில் வடிகட்டி, அளவு, விலை என்று தேர்ந்தெடுக்க நிறைய இருக்கிறது. எனக்கு அதுவே போதுமான காரணம்.

பூச்சில்லாத மண்ணும் பீங்கானும் என்று வரும்போதுதான் உண்மையாகவே யோசிக்க வேண்டும். மண் வாசனையை வைத்துக்கொள்ளும். ஹோஜிச்சாவின் வறுத்த மணம் ஏறிய கெண்டியில் மறுநாள் செஞ்சா போட்டால் எனக்கு அது தெரிகிறது. வீட்டில் இன்று செஞ்சா, நாளை மல்லிகைத் தேநீர், சளி பிடித்தால் துளசி என்று மாறி மாறிப் போடுபவர்கள், பீங்கானுக்குப் பெயர்போன அரிதா, ஹசாமி ஊர்களின் கெண்டியோ, உள்ளே பூச்சுப் பூசியதோ வாங்கிக்கொள்வது நல்லது. எந்த மணமும் ஒட்டாது, சோப்புப் போட்டுத் தேய்க்கலாம். செஞ்சா மட்டும்தான் என்பவர்களுக்கு மண். யமகுச்சி மாநிலத்து ஹாகி பாண்டத்தின் வெளிர்நிறம் மனதை இழுக்கும். மேற்பூச்சின் மயிர்க்கோடுகளில் தேநீர் ஊறி ஊறி வருடங்களில் அதன் முகமே மாறுவதை அவர்கள் ஏழு மாற்றம் என்று கொண்டாடுகிறார்கள். எனக்கும் ஆசைதான். முதல் கெண்டியாக மட்டும் வேண்டாம், அதன் மண் இறுக்கமில்லாதது, கறைபிடிப்பதையும் நனைந்து கசிவதையும் பொறுத்துக் கவனிக்க நேரம் வேண்டும்.

இரும்பைப் பற்றிக் கொஞ்சம் காட்டமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டவர் ஜப்பான் கெண்டி என்றதும் நினைப்பது, புள்ளிபுள்ளியாகப் புடைத்த அந்தக் கறுப்பு வார்ப்பிரும்பைத்தான். இங்கு வந்த புதிதில் ஒரு நினைவுப்பொருள் கடையில் நானும் அதையே வாங்கினேன். கடைக்காரர் அதில் தண்ணீரும் காய்ச்சலாம் என்றார். வீட்டுக்கு வந்து அடுப்பில் வைத்தேன், இரண்டு மாதத்தில் உள்பூச்சு வெடித்து உரிந்தது. அவை இரண்டு வேறு பொருள்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இவாத்தே மாநிலத்து நன்பு வார்ப்பிரும்பில், பூச்சில்லாமல் தண்ணீர் காய்ச்சுவதற்கென்று செய்வது தெட்சுபின். அதில் இலை போடக் கூடாது. இரும்பும் தேயிலையின் துவர்ப்பும் சேர்ந்தால் தேநீர் கறுத்துவிடும். உள்ளே எனாமல் பூசி, இலை போடுவதற்கென்று செய்வது இரும்புக் கியூசு. அதை அடுப்பில் வைக்கக் கூடாது. இரண்டாவது வகையைச் சரியாகவே பயன்படுத்தினாலும் செஞ்சாவுக்கு அது ஒத்துவராது. கனம் மணிக்கட்டை இழுக்கும். சூடு இறங்காமல் நிற்பதால், முதல் முறை ஊற்றி முடித்தபிறகும் இலை உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். செஞ்சாவில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் இங்கே ஊற்றியதும் மூடியைச் சற்று விலக்கி வைத்து இலையை ஆறவிடுகிறார்கள்.

பிடி பற்றி. மூக்குக்குச் செங்கோணம்போல ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பிடி முதலில் விசித்திரமாகத் தெரியும். யோகோதே என்பார்கள். ஒரு கையால் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் மூடியை அழுத்திக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் திருப்பினால் ஊற்றலாம். முழங்கை எழ வேண்டியதில்லை. செஞ்சாவை ஒரே கோப்பையில் நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. முதல் கோப்பையில் கொஞ்சம், இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் கொஞ்சம், பிறகு மூன்றிலிருந்து திரும்பி ஒன்றுக்கு. எல்லாருக்கும் ஒரே அடர்த்தி கிடைக்க வேண்டும், அடர்த்தியான கடைசிச் சொட்டும் விழ வேண்டும். அந்த நிறுத்தி நிறுத்தி ஊற்றும் வேலைக்கு இந்தப் பிடியைவிட வசதியானது எனக்குத் தெரியவில்லை. ஆனால் இது வலக்கைக்காரருக்குச் செய்தது. என் கணவருக்கு இடக்கை. எங்கள் வீட்டுப் பழைய கெண்டியில் அவர் ஊற்றும்போது கை உள்ளே மடங்கும். இடக்கைக்கென்று மூக்கின் மறுபக்கம் பிடி வைத்ததும் விற்கிறார்கள், கேட்டு வாங்க வேண்டும். இரண்டு கையும் புழங்கும் வீட்டுக்குப் பின்பிடி நல்லது.

மேலே வளைந்த பிடியோடு வரும் பெரிய தோபின், ஹோஜிச்சாவைக் கொதிக்கக் கொதிக்க ஐந்தாறு பேருக்கு ஊற்றுவதற்கு. செஞ்சாவுக்கு அது தேவையில்லை. பிடியே இல்லாத ஹோஹின் என்று சின்னஞ்சிறிய ஒன்று உண்டு. கியோகுரோவுக்கு 50 டிகிரித் தண்ணீர்தான், வெறும் விரலால் பிடிக்கலாம், பிடி எதற்கு? செஞ்சாவை 80 டிகிரியில் போடுபவர் அதை வாங்கினால் விரல் சுடும்.

அளவில்தான் நம்மவர் பெரும்பாலும் தவறுகிறார்கள். வீட்டுக்கு நாலு பேர் வந்தால் என்ன செய்வது என்று நினைத்து அரை லிட்டர் கெண்டியை வாங்குகிறார்கள். நாலு பேர் மாதத்தில் ஒருநாள் வருவார்கள், மற்ற நாளெல்லாம் பெரிய கெண்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்து சூடிழக்கும். மூன்று பேருக்கு நல்ல செஞ்சா போட 6 கிராம் இலையும் 170 மில்லி தண்ணீரும் போதும். அதே மூன்று பேருக்குக் கியோகுரோ என்றால் 10 கிராம் இலைக்கு வெறும் 60 மில்லி. கெண்டியின்மேல் எழுதியிருக்கும் கொள்ளளவு விளிம்புவரை நிரப்பினால் வருவது, நாம் ஊற்றுவது அதில் மூன்றில் இரண்டு பங்கு. ஒருவர் இருவர் இருக்கும் வீட்டுக்கு 200 முதல் 270 மில்லி. கூட்டம் வந்தால் இரண்டு முறை போடலாம், அதே இலை இரண்டாம் முறைக்கும் நன்றாக இருக்கும்.

விலை என்று பார்த்தால், அச்சில் செய்த டொகொனாமே கெண்டி மூவாயிரம், ஐந்தாயிரம் யென்னிலேயே கிடைக்கிறது. சக்கரத்தில் கையால் செய்தது பத்தாயிரத்தைத் தாண்டும், பெயர்பெற்ற குயவர் என்றால் பல பத்தாயிரங்கள். கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்று கையில் எடுத்தால் தெரியும். கைவேலையில் சுவர் மெலிதாகவும் கெண்டி எடை குறைவாகவும் இருக்கும். மூடியையும் உடலையும் சேர்த்துச் சுட்டு, பிறகு ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்துவது டொகொனாமேக்காரர்களின் வழக்கம். அந்தப் பொருத்தம் நன்றாக அமைந்தால் மூடியைச் சுற்றும்போது மணல்கூட நெருடாது. இருந்தாலும் நுண்துளைச் சாசாமே உள்ள ஐந்தாயிரம் யென் கெண்டி, வடிகட்டி சரியில்லாத இருபதாயிரம் யென் கெண்டியைவிட நல்ல தேநீர் தரும். பணம் குறைவாக இருந்தால் வடிகட்டியில் விட்டுக்கொடுக்காதீர்கள், கைவேலையை விட்டுக்கொடுங்கள்.

கடையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க விட்டால் பாருங்கள். நீர் கோடுபோல விழுந்து, நிமிர்த்தியதும் சட்டென்று அறுபட வேண்டும், மூக்கின் கீழே வழிந்து ஓடக் கூடாது. ஊற்றும்போதே மூடியிலுள்ள சிறுதுளையை விரலால் மூடினால் ஓட்டம் நிற்க வேண்டும், நின்றால் மூடி நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்று பொருள். தண்ணீர் விடமாட்டார்கள் என்றால் மூடியை லேசாக ஆட்டிப் பாருங்கள், பிறகு பிடியைப் பிடித்துத் தூக்கி, கட்டைவிரல் இயல்பாக மூடியின் குமிழுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள்.

தங்கைக்கு நான் முடிவுசெய்தது சிவப்பு டொகொனாமே, பக்கப்பிடி, 250 மில்லி, அகலமான சாசாமே. வீட்டில் அவளும் அவள் கணவரும் மட்டும், இருவருக்கும் வலக்கை. அவர் பால்டீதான் குடிக்கிறார், அதனால் செஞ்சா தவிர வேறெதுவும் அந்தக் கெண்டிக்குள் போகாது. அவளே கியோகுரோவுக்கு மாறினால் அடுத்த முறை ஹோஹின் வாங்கிக்கொள்ளலாம். ஆறவைக்கும் கிண்ணம், இங்கே யுசாமாஷி என்று தனியாக விற்பது, அவளுக்கு வேண்டாம். கொதித்த தண்ணீரைக் கோப்பையில் ஊற்றினால் பத்து டிகிரி போல இறங்கும், இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றினால் இன்னும் பத்து. வீட்டு டம்ளர் இரண்டு போதும்.

புதுக் கெண்டியை மண்சட்டியைப் பழக்குவதுபோலக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்க வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம். மண் நன்றாக இறுகச் சுட்டது, வெந்நீரில் இரண்டுமுறை அலசினால் போதும். சோப்பு மட்டும் மண்சட்டிக்கு ஆகாததுபோலவே இதற்கும் ஆகாது. குடித்து முடித்ததும் இலையைத் தட்டிக் கொட்டி, வெந்நீரில் கழுவி, மூடியைத் தனியாக வைத்துக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். தட்டும்போது அடிப்பக்கத்தை உள்ளங்கையில் தட்ட வேண்டும், மூக்கைப் பாத்திரத் தொட்டியின் விளிம்பில் தட்டித்தான் பெரும்பாலான கெண்டிகள் உடைகின்றன.

பெட்டியைப் பிரித்ததும் மூக்கின் நுனியில் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருக்கும். அனுப்பும்போது உடையாமல் இருக்கக் கடைக்காரர் மாட்டுவது அது. ஜப்பானிலேயே பலர் அதைக் கெண்டியின் பகுதி என்று நினைத்து வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கிறது. கழற்றி எறிந்துவிடச் சொல்லிப் பெட்டிக்குள்ளேயே ஒரு சீட்டு எழுதி வைக்கப் போகிறேன்.